முதலில் டைரியைத் திருப்பிக் கொடுங்கள்

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் என் பேரனின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பேரன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகள் மொபைல் போன், டேப்லெட், சிம் கார்டு போட்ட கைக்கடிகாரம் எதையும் பள்ளிக்குக் கொண்டு வரக்கூடாது, மீறிக் கொண்டு வந்தால் பறிமுதல் செய்யப்பட்டுக் கல்வியாண்டின் முடிவில்தான் திருப்பித் தரப்படும் என்று அதில் கண்டிருந்தது. படித்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இப்போதாவது யாரோ ஒருவருக்குத் தைரியம் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மகிழ்ச்சி இரவு 8.40 வரைதான் நீடித்தது. சுற்றறிக்கை வந்தது வாட்ஸ்அப்பில். அதே வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு ஆசிரியையிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. மழை எப்படி உண்டாகிறது என்ற வீடியோவைக் குழந்தைகள் பார்த்து, படம் வரைந்து, வண்ணம் தீட்டி மறுநாள் காலை கொண்டு வரவேண்டுமாம். சாப்பிட உட்கார்ந்த பேரன் எழுந்து அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வீடியோ என்னவோ நாலு நிமிஷம்தான். முக்கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் மழையும் இல்லை, மேகமும் இல்லை. யாரோ ஒருவர் பொம்மைக் கார்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தட்டில் ரசம் சாதம் ஆறிப் போயிருந்தது.

பகலில் போன் கூடாது என்றவர்கள் இரவில் போன் இல்லாமல் முடியாது என்கிறார்கள். இதைப் பற்றித்தான் நம் சங்க உறுப்பினர்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் கல்வியாளன் அல்ல. திருச்சியில் டிப்ளமா படித்துவிட்டு 1984-ல் வடக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். பானிபட், காஜியாபாத், டெல்லி என்று 37 ஆண்டுகள் ஓடின. 2021-ல் ஓய்வு. கருவிகளோடு வாழ்ந்தவன் ஆகையால் கருவிகளின் மேல் எனக்கு வெறுப்புக் கிடையாது. விதிகளோடும் வாழ்ந்தவன் ஆகையால், எந்த விதி நிற்கும், எந்த விதி காகிதத்தோடு போய்விடும் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். பள்ளிக்குள் மொபைல் போனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2009-லேயே தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. அன்றைக்கு இருந்தது பொத்தான் போன். பிறகு ஸ்மார்ட் போன் வந்தது, கொரோனா வந்தது, எல்லாம் தலைகீழாயிற்று. 2020 ஜூலையில் மத்திய கல்வித் துறை 'பிரக்யதா' என்ற பெயரில் இணையவழி வகுப்புகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மழலையர் வகுப்புக்கு ஒரு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்கு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, 30 முதல் 45 நிமிஷம் கொண்ட வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது. கணக்குத் தெளிவாகவே இருந்தது. என் மூத்த பேத்தி அப்போது முதல் வகுப்பு. காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை அவள் ஆறு அங்குலக் கண்ணாடிக்குள் எழுத்துக் கற்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் அவளுக்கு மூக்குக் கண்ணாடி வந்தது. போனால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டெல்லிப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்விலேயே சுமார் 13 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வெளியில் அதிக நேரம் விளையாடும் குழந்தைகளிடம் அது குறைவு என்றும் அந்த ஆய்வு சொன்னது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கு அது.

2023 ஆகஸ்டில் டெல்லி அரசின் கல்வி இயக்ககம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. குழந்தைகள் போன் கொண்டு வராமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். கொண்டு வந்தால் பள்ளி அதை வாங்கிப் பூட்டி வைத்து, போகும்போது தரவேண்டும். வகுப்பறை, மைதானம், ஆய்வுக்கூடம், நூலகம் ஆகிய இடங்களில் ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும்கூட போனைத் தவிர்க்க வேண்டும் என்றது. கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன். பிறகு 2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு மாணவர் வழக்கில், முழுத் தடை சரியும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல என்று கூறி, சில நெறிகளைத் தந்தது. முடிந்த இடங்களில் போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம், வகுப்பிலும் பள்ளி வண்டியிலும் உபயோகம் கூடாது, பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும், பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்து கொள்கை வகுக்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

நீதிமன்றம் எல்லா வகுப்புகளையும் மனத்தில் வைத்துச் சொன்னது. பத்தாம் வகுப்புப் பையன் மெட்ரோவில் தனியே வருகிறான். அவனுக்குப் போன் வேண்டியிருக்கலாம். ஏழு வயதுக் குழந்தை தனியே எங்கும் போவதில்லை. எனவே ஐந்தாம் வகுப்பு வரை பையில் எந்தக் கருவியும் வேண்டாம் என்பதே என் கட்சி. அந்த வகையில் பேரனின் பள்ளி சொன்னது சரியே. என் குறை வேறு.

அதைச் சொல்லுமுன், எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு வாக்குவாதத்தைச் சொல்லவேண்டும். ஏனென்றால் நான் நினைத்தது பாதிதான் சரி என்று எனக்குக் காட்டியவள் என் மருமகள்.

சுற்றறிக்கை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலையில், பெருமழை பெய்த ஒரு நாள். நாங்கள் இருப்பது மயூர் விஹார். பள்ளி வண்டி இரண்டரைக்கு வரவேண்டும். மூன்றாயிற்று, மூன்றரையாயிற்று, வரவில்லை. நான் குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மருமகள் குர்காவில் ஆபீசில் இருந்தாள். அவள் பள்ளிக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. வண்டியில் வரும் ஆயாவின் நம்பர் அணைக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் அறுபது தாய்மார்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் கைக்கடிகாரத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, ஐ.டி.ஓ. பக்கத்தில் தண்ணீரில் வண்டி நிற்கிறது, எல்லோரும் பத்திரம் என்று சொல்லிற்று. வண்டி வந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

அடுத்த வாரம் மருமகள் பேரனுக்கு அந்த மாதிரிக் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டாள். சுற்றறிக்கை வந்த அன்று நான் வெற்றி பெற்றவன் போல், "பார்த்தாயா, பள்ளியே சொல்லிவிட்டது" என்றேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, அன்னைக்கு பஸ் எங்கே இருக்குன்னு யார் சொன்னா? ஸ்கூலா சொல்லிச்சு? அந்தக் குழந்தையோட வாட்ச்தானே சொல்லிச்சு. வாட்ச் வேண்டாம்னு சொல்றவங்க, இனிமே நாங்க சொல்றோம்னு சொல்லலையே" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் நான் 37 ஆண்டுகள் வேலை பார்த்த இடத்திலேயே பதில் இருப்பது தெரிந்தது.

ரயில் ஓட்டிக்கொண்டு போகும் லோகோ பைலட் தன் சொந்த மொபைலை அணைத்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்ட ரயில்வே அவரை ஊமையாக விட்டுவிடவில்லை. வாக்கி டாக்கி தந்தது. அவர் கூப்பிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் எடுப்பார், பின்னால் கார்டு எடுப்பார். ஸ்டேஷனிலிருந்து கன்ட்ரோலுக்குத் தனி லைன். அந்த முனையில் இரவும் பகலும் ஆள் உண்டு. இந்த ஏற்பாடெல்லாம் இருப்பதால்தான் அணைத்து வை என்று சொல்லும் உரிமை ரயில்வேக்கு இருக்கிறது.

ஏழு வயதுக் குழந்தையின் கையில் போன் இருந்தால்தான் தாய்க்கு நிம்மதி என்றால், பள்ளியில் போன் எடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். பெரியவர்கள் செய்யவேண்டிய வேலையைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிட்டோம். வீட்டுப்பாடமும் அப்படித்தான். கரும்பலகையில் எழுதிப்போட்டு, குழந்தை டைரியில் எழுதிக்கொண்டு வந்த காலம் போய், இரவில் தாயின் போனுக்கு வருகிறது. பிறகு குழந்தை போனை விடமாட்டேன் என்கிறது என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து வருத்தப்படுகிறோம்.

இன்னொன்றையும் ரயில்வேயில் கற்றேன். ரயில் ஓட்டத்துக்கான 1976-ம் ஆண்டுப் பொது விதிகள் என்ற புத்தகத்தைப் புரட்டினால், அது பக்கத்துக்குப் பக்கம் ஊழியர்களைத்தான் கட்டுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்யவேண்டும், பாயின்ட்ஸ்மேன் என்ன செய்யவேண்டும், கார்டு என்ன செய்யவேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த இடத்துக்கான விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று அங்கு வேலை செய்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பயணி எச்சரிக்கையாக இருந்தால்தான் ரயில் பத்திரமாகப் போகும் என்று யாரும் விதி எழுதுவதில்லை. ஆரம்பப் பள்ளியில் குழந்தைதான் பயணி. பேரனின் பள்ளிச் சுற்றறிக்கையில் நான்கு வரியும் குழந்தைக்கே. ஆசிரியருக்கு ஒரு வரி இல்லை, ஆபீசுக்கு ஒரு வரி இல்லை, வண்டிக்காரருக்கு ஒரு வரி இல்லை.

ஆகையால், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எப்படிப்பட்ட விதிகள் இருந்தால் நிற்கும் என்று எனக்குத் தோன்றுவதைக் கீழே தருகிறேன்.

ஒன்று. பையில் கருவி வேண்டாம். தவறி வந்துவிட்டால் அன்று மாலையே பெற்றோரை வரவழைத்துக் கொடுத்துவிட வேண்டும். வருஷக் கடைசி வரை பறிமுதல், அபராதம் என்பதெல்லாம் தவறு. ஏழு வயதுக் குழந்தை கடைக்குப் போய்க் கடிகாரம் வாங்கவில்லை. நாம்தான் வாங்கிக் கட்டினோம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுவது மட்டும் அதுவா?

இரண்டு. வகுப்பறைக்குள் ஆசிரியரின் போனும் வேண்டாம். 2023 அறிவுரையே இதைச் சொல்லியிருக்கிறது. மேஜை மேல் போன் அதிரும்போதெல்லாம் முப்பத்தைந்து ஜோடிக் கண்கள் அதைப் பார்க்கின்றன.

மூன்று. வீட்டுப்பாடம் பள்ளி மணி அடிக்குமுன் டைரியில் ஏறிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழு விடுமுறை, கட்டணம், கூட்டம் போன்ற அறிவிப்புகளுக்கு மட்டும். அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல் இல்லை. குழந்தை போனைப் பார்த்தால்தான் செய்யமுடியும் என்ற பாடம் எதுவும் வீட்டுக்கு வரக்கூடாது. வீடியோ நல்லதாக இருந்தால் வகுப்பிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டட்டும். நடுவில் நிறுத்தி, "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்க அங்கே ஆசிரியர் இருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நான்கு. கடைசி வண்டியின் கடைசிக் குழந்தை இறங்கும்வரை பள்ளியில் ஒரு போன், அதன் அருகில் ஓர் ஆள். வண்டியில் வரும் ஆயாவிடம் பள்ளியே கொடுத்த, சார்ஜ் இருக்கும் ஒரு போன். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பள்ளியே பெற்றோருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் முதல் விதியைக் கேட்கப் பள்ளிக்கு முகம் இல்லை.

ஐந்து. காற்று மாசு நாட்களுக்குத் தனி ஏற்பாடு. டெல்லிக்காரர்களான நமக்கு இது தெரிந்த கதை. 2024 நவம்பரில் காற்று மிக மோசமானபோது முதலில் ஆன்லைனுக்கு மாறியவை ஆரம்ப வகுப்புகள்தான். 2025 நவம்பரிலும் ஐந்தாம் வகுப்பு வரை நேரிலும் ஆன்லைனிலுமாக வகுப்பு நடத்தச் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்க அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் இது திடீரென்று வரும் வெள்ளம் அல்ல. ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. அக்டோபரிலேயே பத்து நாட்களுக்கான பயிற்சித் தாள்களைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன? ஆன்லைன் வகுப்பு 'பிரக்யதா' சொன்ன இரண்டு வேளையைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆன்லைன் மட்டுமே என்றால் போன் இல்லாத வீடு என்ன செய்யும்? 2020-ல் எங்கள் குடியிருப்புக் காவலாளியின் மகளுக்கு அப்பாவின் போன்தான் பள்ளிக்கூடம். அவர் பகல் ட்யூட்டி முடிந்து வீடு போனபிறகு, இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண் காலைப் பாடத்தைப் பார்த்து எழுதும்.

ஆறு. விதிவிலக்கு எழுத்தில். சிவப்பு சிக்னல் பழுதாகி நின்றுவிட்டால் அதைக் கடக்க வழி உண்டு. ஆனால் எழுத்து மூலம் அதிகாரச் சீட்டு வேண்டும். அதுபோல, பார்வைக் குறையோ காதுக் குறையோ உள்ள குழந்தைக்குக் கருவிதான் கண்ணும் காதும். சர்க்கரை நோய் உள்ள குழந்தையின் உடலில் ஒட்டிய சென்சாரைப் படிக்கப் போன் தேவைப்படலாம். அவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் அனுமதி தந்து, வகுப்பு ஆசிரியருக்கும் மாற்று ஆசிரியருக்கும் தெரிவித்துவிட வேண்டும். தினம் தினம் அந்தக் குழந்தை வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

விதிகள் ஆறுதான். அறுபது விதி எழுதினால் யாரும் ஒன்றையும் நினைவில் வைப்பதில்லை. இவற்றின் கீழே முதல்வர், ஆசிரியர், வண்டிப் பொறுப்பாளர், பெற்றோர் ஆகிய நால்வரும் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழைய கைகாட்டி மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பி அறுந்து போனால் கை தானாகவே கிடைமட்டத்துக்கு, அதாவது 'நில்' என்ற நிலைக்கு, வந்துவிடும். எதிர் எடை அதற்காகவே வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தையின் விஷயத்தில் சந்தேகம் வந்தால் கருவி அணைந்திருக்கட்டும். நாலைந்து வருஷம் தாமதமாகப் போனைத் தொட்ட குழந்தைக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது.

"காலத்தோடு பின்தங்கிவிடும் சார்" என்று சங்க நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் கேட்டேன்: "நீங்கள் எத்தனை வயதில் ஸ்மார்ட் போன் தொட்டீர்கள்?" ஐம்பத்திரண்டில் என்றார். இன்று மின்சாரக் கட்டணம் முதல் ரயில் டிக்கெட் வரை அவர் போனில்தான் கட்டுகிறார்; எனக்கும் அவர்தான் கட்டித் தருகிறார். போனை உபயோகிப்பது கஷ்டமான வித்தை அல்ல. 2024-ம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட் போன் உபயோகிக்கத் தெரியும் என்கிறது. அதற்கு எந்தப் பள்ளியும் மெனக்கெடவில்லை. அதே பிள்ளைகளில், முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனை உபயோகித்தவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காக உபயோகித்தவர்கள் 76 சதவீதம். ஒரு பக்கம் முழுவதும் படித்து அர்த்தம் சொல்வதும், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதும்தான் கற்றுக்கொடுத்தால் வரும் வித்தைகள். அவற்றுக்கு ஆரம்பப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். வெளியூர்த் தமிழர்களான நமக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு நஷ்டம் இருக்கிறது.

நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறார்கள். வண்டியிலும் மைதானத்திலும் இந்தி. தமிழுக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது எவ்வளவு? அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வீடு திரும்ப ஏழரை. ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கவேண்டும். நடுவில் சாப்பாட்டு நேரம் ஒரு மணியோ ஒன்றேகால் மணியோ. "இன்னைக்கு என்னடா நடந்தது?" என்று கேட்டு, அவன் தப்பும் தவறுமாகத் தமிழில் பதில் சொல்லும் நேரம் அதுதான். இரவு 8.40-க்கு வரும் வீட்டுப்பாடம் மற்ற வீடுகளில் குழந்தையின் தூக்கத்தைத் தின்கிறது. நம் வீடுகளில் தமிழையும் சேர்த்துத் தின்கிறது.

போனே தமிழுக்குப் பகை என்றும் சொல்லமாட்டேன். 1984-ல் நான் இங்கு வந்தபோது மன்னார்குடியிலிருந்து அம்மாவின் இன்லண்ட் லெட்டர் வர ஐந்தாறு நாள் ஆகும். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது, இரவில் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். இன்று ஞாயிறு தோறும் என் பேரன் மன்னார்குடியில் இருக்கும் என் அக்காவோடு முகம் பார்த்துப் பேசுகிறான். பல்லாங்குழி ஆடும் விதத்தை அவள் வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்தாள். அந்தப் போனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அங்கே எதிர் முனையில் ஒரு மனுஷி இருக்கிறாள். அவன் சொன்னதற்குச் சிரிக்கிறாள், தப்பைத் திருத்துகிறாள். பொம்மைக் கார் பிரிப்பவர் அவன் இருப்பதையே அறியமாட்டார்.

ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் குறையையும் சொல்லவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போன் கூடாது என்று நான் ஒரு நாள் சட்டம் போட்டேன். மறுநாள் சாப்பிடும்போது என் சட்டைப் பையில் ஒலி கேட்டது. ரயில்வே ஓய்வூதியர் குழுவில் யாரோ காலை வணக்கத்தை இரவில் அனுப்பியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். "தாத்தாவுக்கு மட்டும் ஓகேவா?" என்றான் பேரன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை என் போன் உட்பட எல்லாப் போன்களும் அதற்குள். முதல் வாரம் எனக்குத்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

பள்ளியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நானும் மருமகளும் போனோம். வகுப்பு ஆசிரியை இளம் பெண். சண்டை போடப் போன நான் அவர் சொன்னதைக் கேட்டு அடங்கிவிட்டேன். "எனக்கும் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இரவு 8.40-க்கு அதை அழவிட்டுத்தான் நான் இதை அனுப்புகிறேன். டைரியில் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் பாதிப் பெற்றோர் டைரியைத் திறப்பதில்லை, வாட்ஸ்அப்பில் ஏன் அனுப்பவில்லை என்று ஆபீசில் புகார் செய்கிறார்கள்" என்றார். ஆக, டைரியைக் கொன்றதில் நமக்கும் பங்கு உண்டு.

அன்று அங்கிருந்த பதினோரு பெற்றோர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். டைரியில் எழுதி அனுப்புங்கள், நாங்கள் தினமும் பார்த்துக் கையெழுத்திடுகிறோம். வண்டி கிளம்பிய பிறகும் போனை எடுக்க ஓர் ஆளை வையுங்கள், நாங்கள் கடிகாரத்தை வீட்டில் வைக்கிறோம். இவ்வளவுதான் கடிதம். தசராவுக்குப் பிறகு அந்த வகுப்பில் டைரி திரும்பி வந்தது. ஆபீஸ் போனுக்கு நாலரை வரை ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். மருமகள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு முறையும் எடுத்தார்கள். மூன்றாம் வாரம் அவளே கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடங்களும் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அடுத்த வகுப்பிலிருந்து குழந்தைகள் பலகையைப் பார்த்துத் தங்கள் கையால் எழுதிக்கொண்டு வரட்டும். வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரம் வராந்தாவில் காத்திருக்கும் நாமும் போனைப் பையில் வைத்துவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசலாம். உள்ளே எந்த மொழியைக் கற்றுக்கொடுக்கிறார்களோ, அதை வெளியே நாம் பேசுவது குழந்தைகளின் காதில் விழட்டும்.

உங்கள் குழந்தையின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டம் வரும்போது, போனைத் தடை செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டைரியைக் கேளுங்கள். போன் எடுக்கும் ஆளைக் கேளுங்கள். அவர்கள் டைரியைத் தந்தால், தினமும் இரவில் அதைத் திறந்து கையெழுத்துப் போடுங்கள்.